கனமான மரவேலை இயந்திரங்களை வீட்டுப் பட்டறைக்குள் கொண்டுவருவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் தச்சு வேலை பழகுகிறவர்கள் சில வருடங்களில் பழைய இயந்திரங்களைத் தேட ஆரம்பிக்கிறார்கள். மூடப்படும் மரப்பட்டறைகளில் பிளேனிங் மெஷின் (மரம் இழைக்கும் இயந்திரம்), பேண்ட் சா (பட்டை ரம்பம்), டேபிள் சா (மேசையோடு கூடிய வட்ட ரம்பம்), கடைசல் இயந்திரம் எல்லாம் நல்ல நிலையில், குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. விலை இறங்கியிருப்பதற்கு முக்கியக் காரணம் எடை. "இதை எப்படி வீட்டுக்குள் கொண்டுபோவது?" என்று யோசித்தே பலர் திரும்பிவிடுகிறார்கள்.

இங்குள்ள பதில்கள் 150 முதல் 600 கிலோ வரையிலான இயந்திரங்களுக்கானவை. கார் நிறுத்துமிடத்திலோ பின்கட்டிலோ தகரக் கொட்டகையிலோ பட்டறை வைத்திருப்பவர்களை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். எடை ஒரு டன்னைத் தாண்டினால், இயந்திரம் ஏற்றி இறக்குவதையே தொழிலாகக் கொண்ட குழுவை அழைத்துவிடுங்கள். எல்லாப் பதில்களிலும் ஓர் எண்ணம் திரும்பத் திரும்ப வரும்: இயந்திரத்தைத் தூக்காதீர்கள், தரையை ஒட்டியே நகர்த்துங்கள்.

விற்பவர் சொல்லும் எடையை நம்பலாமா?

பெரும்பாலும் அது கண்மதிப்புதான். இயந்திரத்தில் பெயர்த்தகடு இருந்தாலும் அது மோட்டாரைப் பற்றியதாகவே இருக்கும். நீங்களே கணக்குப் போட்டுவிடலாம். வார்ப்பிரும்பு ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 7.2 கிராம் எடையுள்ளது. பிளேனிங் மெஷினின் ஒரு மேசை ஒரு மீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் அகலம், அடியிலுள்ள விலாக்களையும் சேர்த்துச் சராசரியாக 3 சென்டிமீட்டர் கனம் என்றால் 9,000 கன சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய 65 கிலோ. அப்படி இரண்டு மேசைகள், அவற்றைத் தாங்கும் உடல், வெட்டுருளை (கத்திகள் பொருத்திய சுழலும் உருளை), மோட்டார் என்று கூட்டிக்கொண்டே போனால் 300 கிலோ எளிதாகத் தாண்டிவிடும்.

இன்னும் நிச்சயமாகத் தெரிய வேண்டுமானால் வழியில் ஓர் எடைமேடையில் வண்டியைக் காலியாக ஒருமுறையும் சரக்கோடு ஒருமுறையும் நிறுத்துங்கள். ஐந்து பத்து கிலோ முன்பின் இருக்கலாம், நமக்கு அது போதும். வீட்டில் இறக்குவதற்கு முன் இந்த எண் கையில் இருந்தால், தூக்கும் பெல்ட், செயின் பிளாக் (சங்கிலியை இழுத்துச் சுமை தூக்கும் கருவி), பலகை எல்லாவற்றையும் ஊகமின்றித் தேர்ந்தெடுக்கலாம்.

நான்கைந்து பலசாலிகள் சேர்ந்து தூக்கினால் முடிந்துவிடாதா?

தயவுசெய்து வேண்டாம். 300 கிலோவை ஐந்து பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 60 என்று காகிதத்தில் வரும். ஆனால் இயந்திரத்தின் எடை ஒரு பக்கமாகக் குவிந்திருக்கும், எல்லோருக்கும் சமமான பிடி கிடைக்காது. ஒருவர் படியில் ஒரு காலை வைத்ததும் அவர் பங்கு அடுத்தவர் கைக்குப் போய்விடும். கதவருகே வந்தால் ஐந்து பேர் நிற்கவும் இடமிருக்காது. நடுவில் ஒருவர் கை நழுவினால் மற்றவர்களுக்கு விலக நேரமில்லை.

கடப்பாரை, குழாய், கட்டை மூன்றும் இருந்தால் பொறுமையான மூன்று பேர் போதும். சுமைதூக்கும் தொழிலாளர்களை அழைப்பதாக இருந்தால், எடை, பாதை, படிகள் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிக் கூலி பேசிக்கொள்ளுங்கள். வந்த இடத்தில் "இவ்வளவு கனமா?" என்று அவர்கள் திகைக்கும்படி விடுவது முறையல்ல. அனுபவமுள்ளவர் ஒருவர் அந்தக் குழுவில் இருப்பார், அவர் சொல்வதைக் கேளுங்கள். யாராக இருந்தாலும் "தள்ளு", "நிறுத்து" என்று கட்டளையிடுவது ஒரே குரலாக இருக்கட்டும். "நிறுத்து" என்று மட்டும் யார் வேண்டுமானாலும் சொல்லலாம், சொன்னவுடன் எல்லோரும் நிறுத்திவிட வேண்டும்.

வாங்கும் இடத்திலேயே எதையெல்லாம் கழற்ற வேண்டும்?

எடையைக் குறைப்பவற்றையும் வழியில் உடையக்கூடியவற்றையும் கழற்றுங்கள். மோட்டார், பெல்ட் மூடி, வேலித்தகடு (மரத்தை அணைத்துத் தள்ளும் பக்கத் தடுப்பு), பக்க மேசைகள், கைச்சக்கரங்கள் ஆகியவை முதலில். பேண்ட் சா என்றால் பிளேடின் இழுவிசையைத் தளர்த்தி, பிளேடைக் கழற்றி, மேசையையும் எடுத்துவிடுங்கள். அந்த மேசையைச் சாய்க்கும் பிறைவடிவத் துண்டுகள் பல இயந்திரங்களில் மெல்லிய வார்ப்பு. ஒருமுறை இடித்தால் விரிசல் விழும், மாற்று கிடைக்காது.

பிளேனிங் மெஷினில் கத்திகளைக் கழற்ற முடிந்தால் கழற்றுங்கள். இல்லையென்றால் வெட்டுருளையைக் கெட்டியான அட்டையால் சுற்றிக் கட்டி, அது சுழலாதபடி ஓர் ஆப்பு வையுங்கள். இரண்டு மேசைகளையும் உடலிலிருந்து பிரிக்காதீர்கள். அவை ஒரே தளத்தில் நிற்கும்படி தொழிற்சாலையில் பொருத்தியிருப்பார்கள், வீட்டில் அதைத் திரும்பக் கொண்டுவருவது நாள் கணக்கான வேலை. எதைக் கழற்றினாலும் இடுக்கில் மெல்லிய தகடுத் துண்டு இருக்கிறதா என்று பாருங்கள். அது குப்பை போலத் தெரியும், ஆனால் யாரோ ஒரு ஃபிட்டர் உயரம் பார்த்து வைத்தது. எந்தப் போல்ட்டுக்கு அடியில் எத்தனை தகடு என்று எழுதிவையுங்கள். கழற்றிய போல்ட்டுகளை அதே துளையில் இரண்டு சுற்றுத் திருகிவைத்தால் தேட வேண்டியிருக்காது.

மின் இணைப்பைப் பிரிப்பதற்கு முன் ஸ்டார்ட்டரின் உட்பகுதியையும் மோட்டாரின் இணைப்புப் பெட்டியையும் படமெடுத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பிருந்தால், பிரிப்பதற்கு முன் இயந்திரத்தை ஓடவிட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

பெல்ட் போட்டுத் தூக்கும்போது எங்கே மாட்டுவது?

உடலின் வார்ப்பில், அடிப்பாகத்துக்குக் கீழே மாட்டுங்கள். சில இயந்திரங்களில் தூக்குவதற்கென்றே கண்வளையமோ துளையோ இருக்கும். மேசை, கைச்சக்கரம், மோட்டார், கடைசல் இயந்திரத்தின் ஸ்பிண்டில் இவற்றில் பெல்ட் படவே கூடாது. பிளேனிங் மெஷினை மேசைகளின் முனையில் பிடித்துத் தூக்கினால் அந்த நொடியே மேசைகள் தாழ்ந்துவிடலாம். அது கண்ணுக்குத் தெரியாது, பிறகு நீளமான பலகையை இழைக்கும்போதுதான் தெரியும்.

தட்டையான பாலியெஸ்டர் பெல்ட்டுகளுக்கு நிறக் கணக்கு உண்டு: ஊதா ஒரு டன், பச்சை இரண்டு டன், மஞ்சள் மூன்று டன். நிறத்தோடு நிறுத்தாமல், தைத்திருக்கும் சீட்டில் உள்ள எண்ணையும் படியுங்கள். கூரான விளிம்பில் சாக்கு மடித்து வையுங்கள். இரண்டு பெல்ட்டுகளில் தூக்கும்போது கோணம் முக்கியம். பெல்ட் கிடைமட்டத்தோடு 60 பாகைக் கோணத்தில் நின்றால் ஒவ்வொன்றிலும் எடையில் 58 சதவீதம் விழும். 45 பாகையில் 71 சதவீதம். 30 பாகைக்கு இறங்கிவிட்டால் ஒவ்வொரு பெல்ட்டும் முழு எடையையும் தாங்க வேண்டிவரும். அதனால் பெல்ட்டை நீளமாக விட்டு, கொக்கியை உயரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

குட்டியானை போதுமா?

டாடா ஏஸ் வகை வண்டியின் சுமை அளவு ஏறக்குறைய முக்கால் டன். 600 கிலோ வரை எடையைப் பற்றிக் கவலையில்லை. கவலை உயரத்தைப் பற்றியது. பேண்ட் சாவை நிறுத்திவைத்துக் கொண்டுவந்தால் வேகத்தடையிலும் வளைவிலும் ஆடும். ஓட்டுநரிடம் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள். இயந்திரத்தை முன்பக்கத் தடுப்போடு ஒட்டவைத்து, அடியில் பழைய டயரோ ரப்பர் பாயோ விரித்து, நான்கு மூலைகளிலிருந்தும் ராட்செட் பெல்ட்டால் இழுத்துக் கட்டுங்கள். சணல் கயிறு வழியிலேயே தளர்ந்துவிடும்.

பேண்ட் சாவைப் படுக்கவைத்துக் கொண்டுவரலாமா என்றும் கேட்கிறார்கள். கொண்டுவரலாம், சக்கரங்களும் சரிசெய்யும் திருகுகளும் எடையைத் தாங்காதபடி, முதுகுப்புறச் சட்டத்துக்குக் கீழே கட்டைகள் கொடுத்தால். ஆனால் வீட்டில் மறுபடி நிமிர்த்த வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

வண்டியிலிருந்து எப்படி இறக்குவது?

தெரு அகலமாக இருந்து, பணமும் இடம் கொடுத்தால், ஹைட்ரா கிரேனே சிறந்தது. சில நிமிட வேலைக்குக் குறைந்தபட்ச வாடகை வாங்குவார்கள், அது நியாயமான செலவுதான். கிரேன் வருவதற்கு முன் தலைக்கு மேலே பாருங்கள். நம் தெருக்களில் வீட்டு இணைப்புக் கம்பிகள் தாழ்ந்து தொங்குகின்றன. கிரேனின் கை மின்கம்பி அருகே வரும் நிலை இருந்தால் அந்த யோசனையைக் கைவிட்டுவிடுங்கள்.

கிரேன் நுழையாத தெருவில் சாய்தளம் போடலாம். வண்டித்தளம் இரண்டரை அடி உயரம், சாய்தளம் பத்தடி நீளம் என்றால், 400 கிலோ இயந்திரம் 100 கிலோ விசையோடு கீழே வரப் பார்க்கும். ஆகவே சாய்வில் உருளைக் குழாய் வைக்கவே கூடாது. இயந்திரத்தின் அடியில் இரண்டு மரச்சட்டங்களைப் போல்ட் போட்டு, அந்தச் சட்டங்கள் பலகையின் மேல் உரசிக்கொண்டே இறங்கட்டும். மரத்தின் மேல் மரம் உரசும் தடை எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இருக்கும், அதனால் கடப்பாரையால் தள்ளித் தள்ளித்தான் இறக்க வேண்டியிருக்கும். அந்தத் தாமதம்தான் நமக்கு வேண்டியது. பலகை ஈரமாகவோ எண்ணெய்ப் பிசுக்காகவோ இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. உலர்ந்த நாளாகப் பாருங்கள்.

பலகை மூன்று அங்குலக் கனத்துக்குக் குறையக் கூடாது, நடுவில் முட்டுக் கொடுக்க வேண்டும். 100 மில்லிமீட்டர் சி-சேனல் இரண்டு கிடைத்தால் அதன் மேல் பலகை போட்டுக்கொள்ளலாம். மேல்முனை வண்டியிலிருந்து நழுவாதபடி கட்டுங்கள். மேலே, வண்டியின் சட்டத்தில் ஒரு கை-வின்ச் அல்லது இழுவை ராட்செட் மாட்டி, கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே வாருங்கள். இறங்கும் பாதையில், இயந்திரத்துக்குக் கீழ்ப்பக்கம், ஒருவர்கூட நிற்கக் கூடாது. கீழே நின்று தாங்கிப் பிடிக்கலாம் என்று யாராவது முன்வந்தால் கண்டிப்பாகத் தடுத்துவிடுங்கள்.

மின்விசிறிக் கொக்கியில் செயின் பிளாக் மாட்டலாமா?

கூடாது. அந்தக் கொக்கி சில கிலோ விசிறிக்காக வைத்தது. கான்கிரீட் கூரையில் புதிதாகத் துளைபோட்டு மாட்டுவதும், பழைய ஓட்டு வீட்டின் உத்தரத்தில் கட்டுவதும் அதே அளவு ஆபத்தானவை. செல்லரித்த உத்தரம் வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும்.

ஆழ்துளைக் கிணற்று மோட்டார் ஏற்றி இறக்குபவர்கள் வைத்திருக்கும் இரும்பு முக்காலியைக் கேட்டுப் பாருங்கள். ஒரு டன் செயின் பிளாக்கோடு அதை வாடகைக்குத் தருபவர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். வண்டியை முக்காலிக்கு அடியில் நிறுத்தி, இயந்திரத்தை ஓர் அங்குலம் தூக்கி, வண்டியை முன்னே எடுத்துவிட்டு, நேர்கீழே இறக்கிவிடலாம். கால்கள் விரியாதபடி மூன்றையும் அடியில் சங்கிலியால் இணைக்க வேண்டும். சுமை நேர்கீழே தொங்க வேண்டும், பக்கவாட்டில் இழுத்தால் முக்காலி சாயும்.

மெக்கானிக் கடைகளில் இன்ஜின் தூக்கும் சிறு கிரேனும் உதவும். அதில் ஒரு விவரம் கவனிக்க வேண்டும்: இரண்டு டன் என்று எழுதியிருந்தாலும் கையை முழுதாக நீட்டினால் அரை டன் மட்டுமே தாங்கும். நீட்டத்துக்கு ஏற்ற எடையைக் கையிலேயே பொறித்திருப்பார்கள்.

தரைக்கு வந்தாயிற்று. இனி பட்டறை வரை எப்படி நகர்த்துவது?

இந்த இடத்தில்தான் கடப்பாரையின் அருமை தெரியும். ஐந்தடிக் கடப்பாரையின் நுனியை இயந்திரத்தின் அடிச்சட்டத்துக்குள் நுழைத்து, நுனியிலிருந்து மூன்று அங்குலத்தில் ஒரு கட்டையை முட்டாக வையுங்கள். மறுமுனையை அழுத்தினால் உங்கள் விசை 19 மடங்காகிறது. 400 கிலோ இயந்திரத்தின் ஒரு பக்கத்தைத் தூக்க 200 கிலோ வேண்டும், உங்கள் கைக்கு அது 11 கிலோவாகத்தான் தெரியும். ஓர் அங்குலம் எழும்பியதும் அடியில் ஒரு கட்டையைத் தள்ளுங்கள். கையால் தள்ளாதீர்கள், ஒரு குச்சியால் தள்ளுங்கள். பிறகு மறுபக்கம். இப்படி மாறி மாறி இரண்டங்குலம் உயர்த்திவிட்டால் குழாய்களுக்கு இடம் வந்துவிடும்.

சாரம் கட்ட வாடகைக்கு விடும் கடைகளில் இரும்புக் குழாய் கிடைக்கும். எல்லாம் ஒரே விட்டமாக இருக்க வேண்டும். குறைந்தது நான்கு எடுத்துக்கொள்ளுங்கள்: எப்போதும் மூன்று இயந்திரத்துக்கு அடியில், பின்னால் வெளிவருவதை முன்னால் கொண்டுபோய் வைக்க ஒன்று. குழாய்கள் இயந்திரத்தின் அகலத்தைவிட இருபுறமும் அரையடி நீண்டிருக்கட்டும், முனையைச் சுத்தியால் தட்டித் திசைதிருப்ப அது உதவும். அடிச்சட்டத்தின் முன்முனையைக் கீழ்ப்புறமாகச் சற்றே சீவிவிட்டால் குழாய் தானாக உள்ளே ஏறும். கான்கிரீட்டில் உரசி இழுத்தால் 400 கிலோவுக்கு 150 கிலோவுக்கு மேல் விசை தேவைப்படும். உருளையில் வைத்துவிட்டால் இரண்டு கையும் போதும்.

அதே காரணத்தால் இயந்திரம் தானாக ஓடவும் கூடும். மழைநீர் வடிய நம் முற்றங்களில் வாட்டம் விட்டிருப்பார்கள், கண்ணுக்குத் தெரியாத சரிவிலும் உருளை நகர்ந்துவிடும். அதற்காகவே ஒருவர் கையில் ஆப்புக்கட்டையோடு கூடவே வர வேண்டும். திருவாரூர் ஆழித்தேருக்கு இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் வந்த பிறகும், வீதி முனையில் அதைத் திருப்புவதற்கு முட்டுக்கட்டை போடுபவர்கள் வேண்டியிருக்கிறது. வடம் பிடிப்பவர்களைவிட அவர்கள் கண்தான் சக்கரத்திலேயே இருக்கும். உங்கள் பட்டறைப் பாதையிலும் அந்த வேலைக்கு நிதானமான ஆளை நிறுத்துங்கள், அவர் தள்ளுவதில் சேரக் கூடாது.

திரும்ப வேண்டிய இடத்தில் முன்குழாயைத் திரும்பும் பக்கமாகச் சாய்த்து வையுங்கள். ஒரே முயற்சியில் திருப்பப் பார்க்காமல், ஓரடி முன்னே, தட்டு, மறுபடி ஓரடி என்று போனால் குறுகிய நடையிலும் திரும்பிவிடும். செருப்போடு யாரும் வர வேண்டாம், ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.

பாலட் டிரக் வைத்திருக்கிறேன். குழாய் அவசியமா?

தளம் மட்டமாக இருந்தால் டிரக் நன்றாக உதவும். தாழ்ந்த நிலையில் அதன் முள் (சுமைக்கு அடியில் நுழையும் இரட்டைக் கரம்) 85 மில்லிமீட்டர் உயரம், ஆகவே இயந்திரத்தை முதலில் 9 சென்டிமீட்டருக்கு மேல் கட்டைகளில் உயர்த்த வேண்டும். அதன் சிறு சக்கரங்கள் டைல்ஸ் இடுக்கிலும் நிலைப்படியிலும் சிக்கிக்கொள்ளும். சிக்கும்போது மேலே இருப்பது முன்னால் சாயும், அதைக் கவனியுங்கள்.

நிலைப்படியை எப்படிக் கடப்பது?

நம் வீட்டு வாசற்காலின் அடியில் மரப்படி இருக்கும். மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்கும் படி அது. அதன் மேல் இரும்பு ஏறுவதை வீட்டுப் பெரியவர்கள் விரும்ப மாட்டார்கள், தச்சனாகப் பார்த்தாலும் அவர்கள் சொல்வதே சரி. 400 கிலோ ஏறினால் படி பிளக்கும், வாசற்காலின் மூட்டும் அசையும்.

படியின் இருபுறமும், படியைவிட அரை அங்குலம் உயரமாகக் கட்டைகளை அடுக்கி, அவற்றின் மேல் கெட்டியான பலகையைப் பாலமாகப் போடுங்கள். எடை முழுதும் கட்டைகள் வழியாகத் தரைக்குப் போகும், படியைத் தொடவே தொடாது. பாலத்தின் இருமுனைகளிலும் உயரம் படிப்படியாகக் குறையும்படி சாய்பலகை வையுங்கள். வாசற்காலின் பக்கங்களில் சாக்கோ பழைய போர்வையோ கட்டுங்கள். முதல்நாளே டேப்பால் அளந்துவிடுங்கள்: கதவின் அகலத்தை அல்ல, கதவு திறந்த நிலையில் கிடைக்கும் இடைவெளியை. அரை அங்குலம் குறைந்தால் கீலைக் கழற்றிக் கதவை எடுத்துவைப்பது எளிது.

டைல்ஸ் தரை உடையாதா? மாடியில் வைக்கலாமா?

கான்கிரீட் தளத்தில் கவலை வேண்டாம். கெட்டித்த மண்ணின் மேல் நான்கு அங்குலக் கான்கிரீட் இந்த எடைகளைத் தாராளமாகத் தாங்கும். டைல்ஸ் உடைவதற்குக் காரணம் பெரும்பாலும் அதன் அடியில் சாந்து நிரம்பாத வெற்றிடம். ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள். பொள்ளென்று ஒலிக்கும் டைலின் மேல் இயந்திரக் கால் வரக் கூடாது. நகர்த்தும் பாதை முழுதும் 18 மில்லிமீட்டர் பிளைவுட் விரித்துவிடுங்கள். இரண்டு துண்டு இருந்தால் போதும், மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

மாடி வேறு விஷயம். குடியிருப்பு அறைகளின் தளத்தை ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோ சுமை என்ற கணக்கில்தான் வடிவமைக்கிறார்கள். ஒரு சதுர மீட்டரும் இல்லாத இடத்தில் 400 கிலோ நிற்கப் போகிறது, அதோடு அதிர்வும் சேர்கிறது. உத்தரம் எங்கே போகிறது, சுவர் எங்கே இருக்கிறது என்று பார்த்து ஒரு கட்டுமானப் பொறியாளர் ஒப்புக்கொண்டால் வையுங்கள். அவர் தயங்கினால் தரைத்தளத்திலேயே இடம் தேடுங்கள்.

உயரமான இயந்திரம் சாய ஆரம்பித்தால்?

விட்டுவிட்டு விலகுங்கள். பிடிக்கப் போகாதீர்கள். நல்ல இயந்திரம் உடைவதைப் பார்ப்பது கொடுமைதான், ஆனால் வேறொன்று வாங்கிக்கொள்ளலாம். ஒவ்வொருவருக்கும் பின்னால் விலக இடம் இருக்கிறதா என்று தொடங்கும் முன்பே பாருங்கள். சுவருக்கும் இயந்திரத்துக்கும் நடுவே யாரையும் நிறுத்தாதீர்கள்.

சாயாமல் தடுக்க வழி, அடிச்சட்டத்தை அகலப்படுத்துவது. பேண்ட் சாவின் அடிப்பாகம் ஒன்றரை அடிதான் என்றால், மூன்றரை அடி நீளச் சட்டம் இரண்டைக் குறுக்கே போல்ட் போடுங்கள். கதவருகே அகலம் இடித்தால் அந்த இடத்தில் மட்டும் நீளவாக்கில் மாற்றிப் போடலாம், அதுவரை இயந்திரத்தின் மேல்முனையில் கட்டிய கயிறுகளை இருவர் இருபுறமும் பிடித்துக்கொள்ளட்டும். தூண் டிரில்லிங் மெஷினுக்கும் இதே முறை. அதன் தலைப்பகுதியை முடிந்த மட்டும் கீழே இறக்கிவிடுங்கள்.

மழைக்காலத்தில் கொண்டுவரலாமா?

ஐப்பசி, கார்த்திகையைத் தவிர்த்துவிடுங்கள். நனைந்த பலகை வழுக்கும், வார்ப்பிரும்பு மேசையில் ஒரே இரவில் துரு பூக்கும். கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். தவிர்க்க முடியாதென்றால் மேசைகளில் கிரீஸ் தடவி, மெழுகுத்தாள் ஒட்டி, தார்ப்பாயால் மூடுங்கள். வந்து சேர்ந்ததும் தார்ப்பாயை எடுத்துவிட வேண்டும், உள்ளே வேர்த்தால் வெளியே நனைவதைவிட மோசம். கிரீஸை மண்ணெண்ணெயால் துடைத்துவிட்டு மெழுகு பூசுங்கள். சிலிக்கான் கலந்த பாலிஷ் வேண்டாம், மரத்தில் ஒட்டிக்கொண்டு பிறகு வார்னிஷ் பிடிக்காமல் செய்யும்.

மும்முனை மின்சாரம் இல்லை. என்ன செய்வது?

இயந்திரம் வாங்குவதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி இது. 3 எச்.பி. மோட்டார் 415 வோல்ட் மும்முனையில் ஐந்து ஆம்பியர் அளவில் எடுக்கும், 230 வோல்ட் ஒருமுனை மோட்டாராக இருந்தால் அது ஏறக்குறைய 15 ஆம்பியர். கிளம்பும் கணத்தில் இதைப்போல் பல மடங்கு இழுக்கும். சாதாரண பிளக்கில் மாட்டும் விஷயமல்ல, தனி வயரும் தனி எம்.சி.பி.யும் வேண்டும்.

வழிகள் மூன்று. மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் மும்முனை இணைப்புக்கு விண்ணப்பிக்கலாம். மோட்டாரை மட்டும் ஒருமுனைக்கு மாற்றலாம். அல்லது ஒருமுனை உள்ளீடு வாங்கும் வி.எஃப்.டி. (ஒருமுனையை மும்முனையாக மாற்றி மோட்டாரை ஓட்டும் மின்னணுக் கருவி) பொருத்தலாம். வி.எஃப்.டி.க்கு முன் பெயர்த்தகட்டைப் படியுங்கள்: அத்தகைய கருவி பெரும்பாலும் 230 வோல்ட் மும்முனைதான் வெளியே தரும், ஆகவே மோட்டாரை 230 வோல்ட்டுக்கு டெல்டாவாக (சுருள்களை முக்கோணமாக இணைக்கும் முறை) இணைக்க முடிய வேண்டும். 415 வோல்ட்டுக்கே டெல்டா என்று எழுதியிருந்தால் அந்த மோட்டார் முழு வலுவோடு ஓடாது. பம்புசெட்டில் செய்வதுபோல் கண்டென்சர் போட்டு இரண்டு பேஸில் ஓட்டும் வழக்கம் இங்கே வேண்டாம். வெட்டும்போது சுமை ஏறி இறங்கும் இயந்திரத்தில் மோட்டார் சூடாகிவிடும்.

மும்முனை மோட்டாரின் உடலுக்கு இரண்டு தனித்தனி எர்த் இணைப்புகள் கொடுக்க வேண்டும். விற்பனைக்காகப் பொருள்கள் செய்யத் தொடங்கினால் வீட்டு இணைப்பில் ஓட்டக் கூடாது, அதற்கான இணைப்பைப் பிரிவு அலுவலகத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

தரையில் போல்ட் போட வேண்டுமா?

பிளேனிங் மெஷினும் டேபிள் சாவும் தங்கள் எடையாலேயே நிற்கும். பேண்ட் சா, தூண் டிரில்லிங் மெஷின், கடைசல் இயந்திரம் மூன்றையும் போல்ட் போடுவது நல்லது. போடுவதற்கு முன் ரசமட்டம் பாருங்கள். நான்கு காலில் ஒன்று தரையைத் தொடாத நிலையில் போல்ட்டை இறுக்கினால் வார்ப்பே முறுக்கிக்கொள்ளும், கடைசல் இயந்திரத்தின் நீண்ட படுக்கை முறுக்கினால் தலையும் வாலும் நேர்கோட்டில் வராது. தொடாத காலுக்கு அடியில் தகடு கொடுத்து, நான்கும் சமமாக அமர்ந்த பிறகு கையளவு இறுக்கம் போதும். பிளேனிங் மெஷினில் ரசமட்டத்தை மேசையின் நீளவாக்கிலும், பிறகு இரு முனைகளில் குறுக்குவாக்கிலும் வைத்துப் பாருங்கள். குறுக்கே இரண்டு இடத்திலும் குமிழி ஒரே இடத்தில் நின்றால் முறுக்கு இல்லை.

எல்லாம் பொருத்தியாயிற்று. முதலில் எப்படி ஓட்டுவது?

மின்சாரம் இல்லாமல் வெட்டுருளையையோ சக்கரத்தையோ கையால் முழுச் சுற்று திருப்புங்கள். எங்கும் உரசக் கூடாது. போக்குவரத்துக்காக வைத்த ஆப்பு, அட்டை, கயிறு ஏதாவது உள்ளே மாட்டியிருக்கிறதா என்று விளக்கு அடித்துப் பாருங்கள். அடுத்து பெல்ட்டைக் கழற்றிவிட்டு மோட்டாரை மட்டும் ஒரு கணம் போட்டு நிறுத்துங்கள். மும்முனையில் தலைகீழாகச் சுற்றினால், மெயினை அணைத்துவிட்டு ஏதாவது இரண்டு பேஸ் வயர்களை இடம் மாற்றினால் சரியாகும். வட்ட ரம்பத்தில் இதைச் சோதிக்காமல் பிளேடு மாட்டக் கூடாது, தலைகீழாகச் சுற்றினால் பிளேடைப் பிடித்திருக்கும் நட்டு தளர்ந்துவிடலாம்.

பிறகு பெல்ட்டை மாட்டிச் சுமையில்லாமல் கால்மணி நேரம் ஓடவிடுங்கள். நிறுத்தியபின் பேரிங் இருக்கும் இடத்தைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இயல்பு, கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங்கை மாற்றிவிட்டு வேலையைத் தொடங்கலாம். பெல்ட் முதல் நாளில் கொஞ்சம் நீளும், மறுபடி இறுக்குங்கள். ஒரு மாதம் ஓடிய பிறகு ரசமட்டத்தை இன்னொரு முறை வைத்துப் பாருங்கள். புதிதாகப் போட்ட தளமாக இருந்தால் ஒரு மூலை இறங்கியிருக்கலாம், இன்னொரு தகடு கொடுத்தால் போதும். இயந்திரத்தோடு வந்த அடிச்சட்டத்தையும் போல்ட்டுகளையும் விறகாக்கிவிடாமல் பரணில் போட்டுவையுங்கள், வீடு மாறும்போது அவையே வேண்டும்.